ஒன்பது முற்றத்துச் சேலைகள்

“‘என்ர வீட்டு முற்றத்தில ஆரின்ர சேலை காயுது?’ எண்டு கனடாவில இருந்து சிவகரன் கேக்கிறான். நான் என்ன சொல்ல? பரிமளத்தின்ர எண்டு சொல்லட்டோ?”

இரஞ்சிதத்தின் குரலுக்குப் புங்குடுதீவுப் பொதுநோக்கு மண்டபமே திரும்பிப் பார்த்தது. எந்த ஒழுங்கை குடியிருப்பு வலயம், எது ஹோட்டல் வலயம் என்று ஊரவரின் கருத்தைக் கேட்க வந்திருந்த அதிகாரி சுஜிதன், விரித்த வரைபடத்தோடு அப்படியே நின்றார்.

பரிமளம் மூலைக் கதிரையில் குறுகிப்போனாள். “பிறகு கதைப்பம் அக்கா. இஞ்ச வேண்டாம்.”

“பிறகென்ன பிறகு? எங்கட ஒழுங்கையில பதினொரு வீடு. ஆள் இருக்கிறது என்ர வீட்டிலயும் உம்மட வீட்டிலயும்தான். மிச்சம் ஒன்பது முற்றத்திலயும் உமக்கென்ன உடுப்புக் கொடி? இண்டைக்குக் கொடி கட்டுவீர், நாளைக்கு வேலி அடைப்பீர், பிறகு காணி உறுதியும் எழுதுவீர்!”

“ஒன்பது கொடிக்குச் சேலை எங்கால?” பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“என்ர பழைய சேலை ரெண்டும் அதிலதான் தொங்குது!” என்றாள் இரஞ்சிதம்.

மண்டபம் சிரித்தது. இரஞ்சிதம் போனை உயர்த்திப் பிடித்தாள். வீடியோவில் சிவகரன். ‘விக்கப்போற காணி அக்கா. அங்க ஒருத்தரும் இல்லையெண்டு அதிகாரிக்கு முன்னால சொல்லுங்கோ’ என்று காலையிலேயே மூன்று தரம் சொல்லிக்கொடுத்திருந்தான்.

“அப்ப அந்த ஒன்பது வீட்டிலயும் ஆக்கள் இல்லையோ அம்மா?” என்றார் சுஜிதன்.

“ஒரு குஞ்சு குருமன் இல்லை!”

சுஜிதன் சிவப்புப் பென்சிலை எடுத்தார். “நாங்கள் றோட்டில நிண்டு பாத்துத்தான் பதிஞ்சனாங்கள். கொடியில உடுப்புக் காய்ஞ்ச வீடெல்லாம் ஆள் இருக்கிற வீடெண்டு நினைச்சம். அதாலதான் உங்கட ஒழுங்கையைக் குடியிருப்பில போட்டது. அரைவாசிக்கு மேல வெறும் வீடெண்டா அது ஹோட்டல் வலயம்.”

“ஹோட்டல் வலயத்தில போட்டால்?” என்றாள் இரஞ்சிதம்.

“ஹோட்டல் கட்டலாம். வீடு கட்ட, திருத்த இனி அனுமதி குடுக்க ஏலாது.”

“நன்றி அக்கா,” என்றான் சிவகரன். திரை இருண்டது.

மாரி மழைக்கு அடுப்போடு இடிந்து விழுந்த தன் குசினியைத் திரும்பக் கட்ட அனுமதி கேட்டு இரஞ்சிதம் எழுதிக் கொடுத்து நாலு மாதம்.

“எடியே பரிமளம், எனக்கேன் சொல்லேல்லை?”

“உங்களுக்குச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும் அக்கா. உங்கட குசினிக்கு அனுமதி வாறவரைக்கும் ஆள் இருக்கிற மாதிரித் தெரியட்டும் எண்டுதான் காயப்போட்டனான்.”

வரைபடத்தில் சிவப்பு ஊரத் தொடங்கியது.

“தம்பி, நான் சொன்னதை எழுதாதேங்கோ.”

பென்சில் நிற்கவில்லை.

“தம்பி… ஒருக்கா நிமிர்ந்து பாருங்கோவன்.”