ரெஸ்பெக்டட் சார்

கல்லூரி மாணவி ஜெசிந்தாவின் போனுக்குள் அனுப்பப்படாத பதில் மெயில் ஒன்று கிடந்தது. அதன் உடம்பில் இருந்ததே "ரெஸ்பெக்டட் சார்" என்ற இரண்டு சொற்கள்தான்.

கோடை விடுமுறையில் தன் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய வருகிறாயா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி எழுதினால் போதும் என்றும் சொல்லியிருந்தார்.

வாட்ஸ்அப்பிலிருந்து கட்டைவிரல் எமோஜி களைத்துப்போய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "காலையிலிருந்து ஓயாத ஓட்டம். கேண்டீனில் பிரியாணி தீர்ந்துவிட்டதாம், அந்தச் செய்திக்கும் என்னைத்தான் அனுப்பினாள்."

"என்னையும் திறந்து பார்த்தாள்," என்றது பதில். "சாருக்கு நல்ல இங்கிலீஷில் எழுதணுமாம். ஹாஸ்டலுக்குப் போய் நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று மூடிவிட்டாள்."

"நேற்றும் அதைத்தானே சொன்னாள்?"

"முந்தாநாளும்."

"அவளுக்கு அங்கே போக ஆசை இல்லையோ?"

"ரொம்ப ஆசை. அதனால்தான் எந்த வரி எழுதினாலும் அவளுக்குப் போதவில்லை. அழித்துவிடுகிறாள்."

கட்டைவிரலுக்கு அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. முனகிக்கொண்டே எழுந்து போனது.

சனிக்கிழமை காலை பேராசிரியரின் இன்னொரு மெயில் வந்தது. பதில் வராததால் அந்த இடத்தை வேறொரு மாணவருக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார்.

ஜெசிந்தா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு பழைய பதிலைத் திறந்தாள். இந்தத் தடவை அவள் சொற்களைத் தேடவில்லை, எதையும் அழிக்கவுமில்லை.

"கிளம்பிவிட்டாயா?" என்று கேட்டது கட்டைவிரல்.

"ஆமாம்," என்றது பதில். "ஒரே வரிதான். ரெஸ்பெக்டட் சார், இட்ஸ் ஓகே சார்."