ஓம் என்று ஒரு பதில்

மூதூர்ப் படகு புறப்படும் இறங்குதுறையில், எழுபத்தொரு வயது யோகராணி கைத்தொலைபேசியை வாயருகே பிடித்து அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். காலை வெயில் துறைமுகத் தண்ணீரில் பட்டு அவருடைய கண்ணாடியில் ஆடுகிறது. பாலையூற்றிலிருந்து கனகரத்தினம், "வெள்ளிக்கிழமை எங்கட கலியாணத்தைப் பதிவு செய்வமோ?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். யோகராணி எழுத்துத் தட்டுவதில்லை. பேசினால் போன் தானே எழுதும் வித்தையை யூடியூப் பார்த்துத் தனியாகவே பழகியவர். "ஓம்" என்கிறார், ஊர்ப்பேச்சில் 'ஆம்' என்று, தெளிவாக. போன் கோயில் வாசலில் இருக்கும் ஓங்காரக் குறியைப் போட்டு, பக்கத்தில் கூப்பிய கைகளையும் வைக்கிறது. அழிக்கிறார். "ஓம்!" மறுபடியும் ஓங்காரம். பக்கத்தில் நிற்கும் பள்ளிக்கூடத் தோழி பரீனா எட்டிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்துகிறார். "இதை அனுப்பினா, நீ சாமியாராப் போறாய் எண்டெல்லோ அந்த மனுசன் நினைப்பார். சம்மதம் எண்டு சொல்லிப் பாரன்." "அது பத்திரிகைத் தமிழடி. எனக்கு ஓம்தான்." யோகராணி நரைமுடியை ஒதுக்கிவிட்டு வீடியோ அழைப்பை அழுத்துகிறார். திரையில் கனகரத்தினம், பாதிச் சவரத்தில், கன்னமெல்லாம் நுரை. "ஓம்!" அதே நேரம் படகு ஊதுகிறது. "என்ன? கேக்கேல்லை!" "ஓம்!" மறுபடியும் ஊதல். கனகரத்தினம் காதைப் போனில் ஒட்டுகிறார். திரை முழுக்க நுரை படிந்த ஒரு காது. கயிறு அவிழ்க்க வந்த படகோட்டி பொறுமையிழந்து குனிந்து, அந்தக் காதுக்குள் கத்துகிறார்: "ஐயா, படகு வெளிக்கிடோணும். அம்மா ஓமாம்!"