நாலு கோடு டவர்

"டவர் ரொம்ப நல்லாக் கிடைக்குதுங்க சார். அதுதான் கம்ப்ளெய்ன்ட்டு."

புருஷோத்தமன் எழுதப் போன பேனாவை மூடினான். மரக்காணத்தில் எட்டு வருஷமாக டெலிபோன் மெக்கானிக். டவர் இல்லை, இரைச்சலாக இருக்கிறது, பேசும்போதே கட்டாகிறது என்று ஊரே அவன் உயிரை எடுத்திருக்கிறது. நன்றாகக் கிடைக்கிறது என்று ஒருத்தர் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

வந்தவர் கலியமூர்த்தி, உப்பளத்தில் வேலை பார்ப்பவர். கணுக்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. போன மாதம் புது டவர் நட்டதிலிருந்து அவர் வீட்டு வயர்லெஸ் போனில் பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறதாம். அதைப் பழையபடி கெடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அதுவும் இன்றைக்கு மத்தியானத்துக்குள்.

வெயிலில் மூளை கலங்கிவிட்டதா என்று கேட்கப் புருஷோத்தமனுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மனுஷன் கண் கலங்கி நின்றதைப் பார்த்ததும், கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.

உப்பளத்துக்குப் போகிற மண் ரோட்டு ஓரம் வீடு. ஒற்றை அறை. மேஜை மேல் போன், கூரைக்கு மேலே மூங்கில் கழியில் கட்டிய ஆன்டெனா. போன் திரையில் நாலு கோடும் நிமிர்ந்து நின்றன.

"இந்த நாலு கோட்டுக்கு ஊர்ல எத்தினி பேரு ஏங்கிக் கெடக்குறாங்க தெரியுமா? ஒங்களுக்கு என்னாதான் பிரச்சினை?" என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டான்.

அப்புறம்தான் அவர் சொன்னார். ஒரே மகள் பூங்குழலியை அந்தமானில் கட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டு தடவை கரு கலைந்துபோய், இப்போது ஏழு மாதம். படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அதிர்ச்சி எதுவும் ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பங்குனி வெயிலில் பூங்குழலியின் அம்மா பாஞ்சாலை, உப்புக் கூடையோடு பாத்தி வரப்பில் சாய்ந்தவள் சாய்ந்தவள்தான். மாசமாக இருப்பவளிடம் சாவுச் சேதி சொல்லக் கூடாது என்று மாப்பிள்ளையும் அவரும் பேசி வைத்து மறைத்துவிட்டார்கள். பெற்ற வயிற்றுக்கு ஒரு வாய்க்கரிசி போடக்கூட மகள் வரவில்லை.

"மத்தியானம் ஆனா போன் பண்ணுவா தம்பி. அம்மாகிட்ட குடுன்னு ஆரம்பிச்சா, டவர் இல்லம்மா, கேக்கலம்மான்னு கத்திட்டு வச்சிடுவேன். அப்ப அது நெசமாவும் இருந்துது. இப்ப நான் மூச்சு வுடுறதுகூட அவளுக்குக் கேக்குது. எத்தச் சொல்லி மறைக்கறது?"

முந்தாநாள் மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தாராம். நல்ல காலம், இங்கே டவர் இல்லப்பா, கேக்கலப்பா என்று அவளே வைத்துவிட்டாளாம். மாரியம்மன்தான் கடலுக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடுங்கிப் போட்டுக் காப்பாற்றினாள் என்று கலியமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டார்.

புருஷோத்தமன் பையைத் திறந்தான். வேலையில் சேர்ந்த நாளாக ஒரு லைனையும் அவன் வேண்டுமென்று கெடுத்ததில்லை. ஆன்டெனாவை டவருக்கு முதுகு காட்டித் திருப்பிவிட்டால் ஒரு கோடுகூட நிற்காது, ஏணி மட்டும் கிடைத்தால் அஞ்சு நிமிஷ வேலை என்றான்.

பக்கத்துத் தெருவில் வாங்கி வருகிறேன் என்று அவர் செருப்பைத் தேடினார். அதற்குள் மூலையிலிருந்து சோறு வெந்த வாசனை வந்தது. கரண்டில் வேகிற குக்கர், புத்தம் புதுசு. போன வாரம் கப்பலில் வந்த ஊர்க்காரர் கையில் மகள் கொடுத்தனுப்பியதாம்.

"எவ்ளோ சின்னது பாருங்க. ஒரு ஆளுக்குத்தான் காணும். ரெண்டு பேரு இருக்கற வூட்டுக்கு எந்த அளவு வாங்கணும்னுகூட அவளுக்குத் தெரியல" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது. புருஷோத்தமன் வாசலை எட்டிப் பார்த்தான். ஆளைக் காணோம். அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்காவிட்டால் அந்தப் பெண் பயந்துவிடுமே என்று எடுத்தான்.

"அப்பா?"

பக்கத்தில் நின்று கூப்பிட்ட மாதிரி கேட்டது. அங்கே ஓடுகிற மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், ஆனாலும் சொன்னான். தான் மெக்கானிக் என்றும், லைன் ரிப்பேர், ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை என்றும் உரக்கக் கத்தினான். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கடைக்குப் போயிருக்கிறார்கள், இரண்டு பேரும் சுகம்தான் என்று தானாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டான்.

கத்தி முடித்ததும், போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தான். நாலு கோடும் அப்படியே இருந்தன. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"லைன் நல்லாத்தாண்ணே இருக்குது. அம்மா இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும், நான் அழுவுறது அப்பாவுக்குக் கேக்காம அந்த டவரக் கொஞ்சம் கெடுத்து வுட்டுடுங்கண்ணே."