இரண்டாவது கேபிள்

"உன் படகுக்குப் பின்பக்கம் ஓடுற கேபிள் யாரு படகுக்குடா போவுது?" என்று பூவிழி போட்ட சத்தத்தில், பழவேற்காடு ஏரியின் படகுவீட்டுக்காரர்கள் பாதிப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். மீதிப் பேர் முன்பே வந்திருந்தார்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்ததும் பெண் படகிலிருந்து மாப்பிள்ளை படகுக்கு மின்சாரக் கேபிள் மாட்டுவது அந்த ஏரியின் வழக்கம். தனக்கு நிச்சயமான நிரஞ்சனுக்கும் சேர்த்துத்தான் பூவிழி தன் படகுக் கூரையை அகலமாக அமைத்து, சோலார் தகடுகளைக் கூடுதலாகப் பதித்திருந்தாள். மேகம் மூடிய நாட்களில் தன் மின்விசிறியை நிறுத்தி, அவனுக்குக் கரண்ட் விட்டாள்.

"பக்கத்துல இருக்கற வசுமதி படகு மேல பூச்செடிதான் இருக்கு, தகடு இல்ல. பாவம்னு குடுத்தேன்" என்றான் நிரஞ்சன்.

"என் கூரை வெயில்ல அவளுக்கு ஏசியா?"

பூவிழி தன் கேபிளைப் பிடுங்கினாள். வசுமதியின் ஏசி நின்றது.

தை பிறந்ததும் நிரஞ்சன் வசுமதியைக் கட்டிக்கொண்டான். படகு மோட்டாருக்குக் கரண்ட் இல்லாததால், மாப்பிள்ளை ஊர்வலத்தில் துடுப்புப் போட்டது மாப்பிள்ளையேதான். அதைப் பார்த்துச் சிரிக்கப் பூவிழி இல்லை; தன் படகோடு கால்வாய் வழியாக மரக்காணத்துக்குத் தனியாகவே குடிபோய்விட்டாள்.