கேரேஜ் மேல் ஒரு புகார்

லாங் பீச்சில், ஸ்கா-பங்க் என்னும் அதிரடி இசை வாசிக்கும் ஒரு குழு ஒத்திகை பார்க்கும் கேரேஜின் கதவைப் போலீஸ்காரர் தட்டினார். டிரம்ஸ் வாசிக்கும் ராமிரோ திறந்தான்.

"பக்கத்து வீட்டு மார்சலாம்மா புகாரா சார்?"

"அவங்களேதான். சத்தம் பத்தி."

"அநியாயம்! எங்க பாடகன் டோபி செத்ததுலேர்ந்து நாங்க டிரம்பெட்டைக்கூடத் தொடலை. அவன் போனப்புறம் வந்த ஆல்பம் ஊரையே கலக்குது. ரேடியோ அலறினா நாங்க என்ன பண்றது?"

"புகாரே அதாண்டா! ஆல்பம் முதலிடத்துல இருக்கு, பசங்க சத்தமே போடாம சும்மா கெடக்கறானுங்களாம்."

"பாட ஆள் வேணாமா சார்?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மார்சலாவின் குரல் வந்தது.

"ஆறு வருஷமா தூங்க விடாம பாடினீங்களே, அத்தனை பாட்டும் எனக்கு மனப்பாடம். மைக்கை இங்க நீட்டுங்கடா!"