கொக்கு சாரின் இன்னொரு கால்

காட்டுக் கல்லூரியில் எல்லோரையும்விட உயரமாகத் தாண்டியதால் மானுக்குத் தினமும் இலவசப் புல். தாண்டும் உயரம் ஒரு சாண் குறைந்தாலும் புல் நின்றுவிடும்.

மானுக்கு வழிகாட்டி கொக்கு சார். வெள்ளிக்கிழமைதோறும் நோட்டைத் திறந்து, "ஏதாவது கஷ்டம் இருந்தா சொல்லும்மா" என்பார்.

மானின் காலில் மூன்று நாளாக முள். ஆனால் அந்த நோட்டு நேரே புல் கமிட்டிக்கல்லவா போகிறது!

"ஒண்ணுமில்லை சார்" என்றது மான், அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு.

தரையில் சொட்டிய ரத்தத்தைக் கொக்கு சார் பார்த்துவிட்டார். போன மாதம் முயலின் கஷ்டத்தை உள்ளபடி எழுதினார். முயலுக்குப் புல் நின்றது. "நீங்க என்னத்தை வழிகாட்டினீங்க?" என்று கமிட்டி அவரையும் குடைந்தெடுத்தது.

இந்த முறை 'குறை ஏதுமில்லை' என்று எழுதினார். பிறகு, ஒற்றைக்காலில் நின்றிருந்தவர் இன்னொரு காலையும் மெல்ல இறக்கி, அந்த ரத்தத்தின்மேல் வைத்துக்கொண்டார்.