தைரியத்துக்கு ஓர் அத்தாட்சி

"சிலந்தியக் கண்டா கத்தி ஊரைக் கூட்டுற உனக்கு, சிலந்தி நூல் ஆராய்ச்சியா?" என்று அக்கா தனுஷா சிரித்தாள்.

"அந்த வேலைதான் எனக்கு வேணும்" என்றாள் விதுர்ஷா. அன்று முதல் மண்டூர் வீட்டு மாட்டுக்கொட்டிலில் இருந்த சிலந்திகளோடு பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். ஒரு மாதத்தில் ஒரு சிலந்தி அவள் முழங்கை வரை ஏறி இறங்கியது.

நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும்போது, தைரியத்துக்கு அத்தாட்சியாக அதையே நெருப்புப்பெட்டியில் அடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இந்த நூல் ஏன் இவ்வளவு உறுதி?" பேராசிரியர் நஸீறா கேட்டார்.

"அதின்ட புரதத்தில இறுக்கமா அடுக்கின பகுதியும் இழுபடுற பகுதியும் மாறி மாறி இரிக்கு, மெடம்."

"சரி, திங்கக்கிழமை வேலைக்கு வாங்க."

"சிலந்தியெல்லாம் எங்க வளக்கிறீங்க, மெடம்?"

"சிலந்தியா? அதுட மரபணுவை பக்டீரியாக்குள்ள வெச்சா, அதே புரதத்தைச் செஞ்சு தந்திரும். இங்க ஒரு சிலந்தியும் இல்ல. இருந்தா நான் இந்த வாசப்படியையும் மிதிக்கமாட்டன். அவ்வளவு பயம்."

விதுர்ஷா மேசையிலிருந்த கைப்பைக்குள் மெல்ல விரலை விட்டாள். நெருப்புப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

நிமிர்ந்து பார்த்தவள், நிதானமாக எழுந்தாள்.

"மெடம், கொஞ்சம் அசையாம இருங்க" என்றபடி பேராசிரியரின் முக்காட்டை நோக்கி வெறுங்கையை நீட்டினாள்.